கும்பகோணத்து டெய்லரும் என் ஆபீஸ் சட்டைகளும்

புது கன்சல்டிங் வேலைக்கு ரெடிமேட் சட்டை எனக்குச் சரிவரவில்லை. தோள் பொருந்தினால் கை நீளம் இடிக்கும். அதனால் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன டெய்லர் கடைக்குப் போனேன். வெள்ளையும் இளநீலமுமாகக் காட்டன் துணியை நீட்டினால், "தம்பி, நனைச்சுக் காயவச்சுக் கொண்டு வாங்க, அப்புறம் சுருங்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். காலருக்குள் வைக்கும் கேன்வாஸையும் நனைத்த பிறகுதான் வெட்டுகிறார். பலமுறை துவைத்தும் காலர் குமிழ் விடவில்லை. வாட்ச் கட்டும் கையின் கஃப்பை அவராகவே கொஞ்சம் தளர்த்தியிருந்தார்; நான் கேட்கவே இல்லை! இடுப்பு பெருத்தால் பிரித்துவிட வசதியாக, பேண்டின் இடுப்புத் தையலுக்குள் கூடுதல் துணி மடித்து விட்டிருக்கிறார். கன்சல்டிங் சாப்பாடு தெரிந்தவர் போல.

குறை, தேதிதான். முகூர்த்த மாதம், தீபாவளி நேரமென்றால் "நாளைக்கு வாங்க" பாட்டுதான். வேலையில் சேரும் தேதியை, உண்மையான தேதிக்குச் சில நாள் முந்தியதாகவே அவரிடம் சொல்லுங்கள். கோட்டுக்கு வேறு ஆளைப் பாருங்கள். அது தன் கைவேலை இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார்.