நரம்பு செல் மாதிரி: ஷ்வான் செல் அருமை, ஆஸ்ட்ரோசைட் எங்கே?

பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்துக்காகப் போன மாதம் ஆன்லைனில் ஒரு நரம்பு செல் மாதிரி வாங்கினேன். இரண்டடி நீளம், பலகையில் பொருத்தியது, 2,850 ரூபாய், சொந்தக் காசு. இரண்டு செக்‌ஷனிலும் பாடம் எடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸான் மேல், அதற்கு உறை போடும் ஆறு ஷ்வான் செல்கள். காந்தத்தில் ஒட்டியிருப்பதால் கையாலேயே கழற்றலாம். வெட்டுமுகத்தைப் பார்த்தால் சுருட்டி வைத்த கோரைப்பாய் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. கடைசிச் சுற்றுக்கு வெளியே ஊதா மணியாக உட்கரு. இந்தச் சுற்றுகள்தான் மயலின் உறை. அது வெறும் பூச்சு இல்லை, உயிருள்ள ஒரு செல் தன் சவ்வாலேயே ஆக்ஸானைச் சுற்றிக்கொள்கிறது. இத்தனை வருஷம் நான் போர்டில் படம் போட்டும் புரியாதது, கையில் வாங்கிப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

உறைத் துண்டுகளுக்கு நடுவே வரும் ரான்வியர் கணு இடைவெளியும் சரியாக விட்டிருக்கிறார்கள். தூண்டல் கணுவுக்குக் கணு தாவுவதால்தான் தடித்த நரம்பிழையில் நொடிக்கு 100 மீட்டர் வரைகூடப் போகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் 1, 2 மீட்டர்தான்.

"உறை போயிடுச்சுன்னா என்ன டீச்சர் ஆகும்?" என்று ஒரு பையன் கேட்டான். மூன்று துண்டைக் கழற்றி வைத்துவிட்டு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கீயன்-பாரே நோயில் அவர் உடம்பின் எதிர்ப்பு சக்தியே உறையைத் தாக்கியது. நாலே நாளில் கால் எழும்பவில்லை. ஷ்வான் செல்கள் திரும்பச் சுற்றிக்கொடுக்க, ஐந்து மாதம் கழித்து வாசல் வரை நடந்தார். வகுப்பில் ஒரு சத்தமில்லை.

இனி குறை. பெட்டியில் "மூளை நரம்பு செல்" என்று அச்சடித்திருக்கிறார்கள். தப்பு. மூளையிலும் தண்டுவடத்திலும் உறை போடுவது ஒலிகோடென்ட்ரோசைட். அது ஒன்றே பல கை நீட்டிப் பல ஆக்ஸான்களைச் சுற்றும். ஷ்வான் செல் ஒரு ஆக்ஸானில் ஒரு துண்டை மட்டும்தான் மூடும். எழுதிக் கேட்டதற்கு, "படத்தில் உள்ளதைத்தான் அனுப்பினோம்" என்று பதில் வந்தது.

அதைவிட எனக்கு வருத்தம், ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் சினாப்ஸ் பக்கம் துணை செல் ஒன்றுகூட இல்லாதது. அங்கே சிந்தும் குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை உறிஞ்சுவதும், மிஞ்சிய பொட்டாசியத்தை வாங்கிக்கொள்வதும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்தான். ரத்தக் குழாயில் ஒரு காலை ஊன்றி நியூரானுக்கு, அதாவது நரம்பு செல்லுக்கு, சத்தும் கொண்டுவருகிறது. 1856இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ இந்தத் துணை செல்களுக்கு நியூரோகிளியா, அதாவது நரம்புப் பசை, என்று பெயர் வைத்ததிலிருந்து வெறும் பசையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். மனித மூளையில் நியூரான் ஏறத்தாழ 8,600 கோடி. துணை செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு. பாதிப் பேரை விட்டுவிட்டுச் செய்த மாதிரி இது.

புற நரம்பு நடத்த மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். என் மதிப்பெண் 5க்கு 3. ஆஸ்ட்ரோசைட்டை நாங்களே செய்துவிட்டோம்: கட்டுக்கம்பியில் பச்சைக் கம்பளி நூல் சுற்றி, ஒரு கால் சினாப்ஸில், ஒரு கால் சிவப்பு ஸ்ட்ராவில்.