மஞ்சள் அட்டைக்குள் இருப்பது எந்த நான்சி?

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் உள்ள ஒரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், நான்சி ட்ரூ என்ற இளம்பெண் துப்பறியும் அமெரிக்கக் கதை வரிசையின் மஞ்சள் முதுகு கெட்டி அட்டைப் பதிப்புகள் ஆறு, சணல் கயிற்றால் கட்டிய ஒரே கட்டாகச் சென்ற மாதம் கிடைத்தன. ஒன்று 150 ரூபாய் என்றவரிடம் பேரம் பேசி, ஆறையும் 750 ரூபாய்க்கு வாங்கினேன். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு.

இந்த வரிசையின் பல நூல்களில் ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வடிவங்கள் உண்டு. எட்வர்ட் ஸ்ட்ராட்மேயரின் நிறுவனம் 1930இல் தொடங்கிய இவ்வரிசையின் முதல் நூல்களை, கரோலின் கீன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்து எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன். நூலுக்கு 125 டாலர் பெற்றுக்கொண்டு உரிமையைக் கொடுத்துவிட்டவர். 1959 தொடங்கி முதல் 34 நூல்களும் படிப்படியாகத் திருத்தப்பட்டபோது 25 அத்தியாயங்கள் 20 ஆகக் குறைந்தன. பதினாறு வயது நான்சிக்குப் பதினெட்டு ஆயிற்று. கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டிய பகுதிகள் நீங்கின. அவற்றோடு அந்தக் கதாபாத்திரங்களே பல இடங்களில் காணாமல் போனது எனக்கு இன்றும் நெருடல்தான். மஞ்சள் முதுகு 1962இல் வந்தது. திருத்தமோ 1977 வரை நீண்டது. ஆகவே அட்டையை மட்டும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிட முடியாது.

பொருளடக்கத்தைத் திறந்து அத்தியாயங்களை எண்ணுவதுதான் சுலபமான வழி. பதிப்புரிமை ஆண்டை நம்ப வேண்டாம். முதல் நூலின் திருத்திய பதிப்பிலும் 1959 உடன் 1930 அச்சிடப்பட்டிருக்கும். இணையத்தில் ஒரு விற்பனையாளர் "1930 மூலப் பதிப்பு" என்று எனக்கு அனுப்பிய நூலில் இருந்தவை இருபதே அத்தியாயங்கள். அச்சான காலத்தை ஓரளவு கணிக்க, பின்னட்டையில் உள்ள வரிசை நூல்களின் பட்டியல் எந்தத் தலைப்போடு முடிகிறது என்று பார்க்கலாம்.

நான் வாங்கிய ஆறில் ஐந்து, திருத்தியவை. ஆறாவது, 1933இல் வெளிவந்து 1966இல் திருத்தப்பட்ட "தி பாஸ்வேர்ட் டு லார்க்ஸ்பர் லேன்". எண்ணினால் 25 அத்தியாயங்கள்! முதுகில் ஒட்டிய செல்லோடேப் பழுப்பேறி உதிர்கிறது. முதல் பக்கத்தில் ஊதா மையில் "8-பி" என்ற வகுப்பும், பெயர் அழிந்துபோன ஒரு வாடகை நூலகத்தின் முத்திரையும் இருக்கின்றன. பழைய நடையில் வர்ணனை நீளம்; நான்சிக்குத் துணிச்சலோடு வாய்த்துடுக்கும் அதிகம். எனக்குப் பிடித்தது இவள்தான். ஆனால் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், திருத்திய நூலை ஒரே மாலையில் முடித்துவிட்டு, இதைப் பாதியில் வைத்துவிட்டாள். படிக்க மட்டும் வாங்குவோருக்குத் திருத்தியவையே போதும். சேகரிப்போர் மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கட்டும்.

எண்ணிப் பார்ப்பதில் கடைக்காரருக்கு ஆட்சேபமில்லை. "பிரிச்சுப் பாருங்கம்மா, ஆனா திரும்ப நீங்களே கட்டி வெச்சுடணும்" என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.