ரயிலா, காரா: சின்னப் பிள்ளைகளோடு நெடும்பயணம்

காரில் இருவர் போனாலும் ஐவர் போனாலும் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ரயிலிலோ தலைக்கு ஒரு டிக்கெட். ஆனால் கைக்குழந்தைக்குப் பல நாடுகளில் ரயில் கட்டணமே கிடையாது. இரவு ரயில் என்றால் ஒரு நாள் விடுதி வாடகையும் மிச்சம். பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது, அழுதால் தூக்கிக்கொள்ள இருவருக்கும் கை இருக்கிறது. காரில் ஒருவரின் கை எப்போதும் ஸ்டீயரிங்கில். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தியாக வேண்டும்; குழந்தைக்குத் தனி இருக்கையும் வேண்டும்.

நிலையத்திலிருந்து போகுமிடம் தொலைவு என்றால் கதை மாறும்: மிச்சம் பிடித்ததை டாக்சி விழுங்கிவிடும். மூன்று பிள்ளைகளும் மூட்டைகளும் என்றால் நான் காரைத்தான் எடுப்பேன். ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றால் ரயில்; அதுவும் கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும்.