வேலூர் வெயிலில் மூன்று கோடை: டிராவலர் வேனை வீடாக்கியதில் நிலைத்தவையும் மாற்றியவையும்

குடும்பத்தோடு படுத்து, சமைத்து, போய்வர வேனை மாற்றுகிறவர்கள் முதலில் கட்டிலையும் அலமாரியையும்தான் யோசிக்கிறார்கள். வேலூரில் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியின் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூடு உள்ளே இறங்கினால் எவ்வளவு அழகான உள்வேலையும் வீண்.

எங்கள் வண்டியில் நன்றாக உழைப்பது 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஃபோம். ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு ஷீட்தான். தெர்மோகோல் வேண்டாம். ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் அதைக் கரைத்துவிடும், மிச்சமும் வண்டி அதிர அதிர உதிரும். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் துருவேற்றும். ஃபோம் ஒட்டும் முன் தகட்டைத் தின்னரால் துடைக்க வேண்டும். பசையைத் தகட்டிலும் ஷீட்டிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய ஆவி அடுத்த கோடையில் ஷீட்டை உப்ப வைத்துக் கீழே தள்ளும். கூரையின் குறுக்குச் சட்டங்களையும் மூடுங்கள். பலரும் விட்டுவிடும் இடம் அதுதான், சூடு அந்த இரும்பு வழியாகவே உள்ளே வரும். 14 அங்குலக் கூரை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, நிழல் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் இரவில் தூங்க முடிகிறது. இரண்டரை ஆம்பியர் இழுக்கும் ஃபேன் பத்து மணி நேரத்தில் 25 ஆம்பியர் அவர்தான் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) செலவழிக்கும். வீட்டு ஏ.சி.யை மாட்டினால் 200 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அந்தப் பேட்டரி 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. இந்த வகை செல்களில் பலவற்றை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்சுற்று) சூடு கூடினால் சார்ஜை நிறுத்திவிடும். இன்ஜின் சூடு வரும் முன் இருக்கைப் பெட்டிக்குள் வைத்தால், வெயில் நன்றாக அடிக்கும் நடுப்பகலிலேயே சார்ஜ் ஏறாது. சோலார் பேனல் பழுது என்று நினைத்து அதை மாற்றியவர்கள் உண்டு. பின்பக்கம், வெயில் படாத பெட்டியில், கீழும் மேலும் 4 அங்குலத் துளை விட்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தால் போதும்.

400 வாட் பேனலைக் கூரையில் படியவிட்டு ஒட்டாதீர்கள். 40 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். 65 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

ஃபிரிட்ஜ் இருந்தாற்போல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒயர்தான். 6 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால், 5 ஆம்பியரில் போக வர 1 வோல்ட் விழும். கம்ப்ரஸர் கிளம்பும்போது இன்னும் அதிகம் இழுக்கும், பேட்டரி பாதி இருக்கும்போதே குறைந்த வோல்ட் என்று ஃபிரிட்ஜ் அணைந்துவிடும். 4 சதுர மி.மீ. ஒயரும் பேட்டரி அருகே ஃபியூஸும் வேண்டும். 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 130 ஆம்பியருக்கு மேல் ஆகும். 100 ஆம்பியர் பி.எம்.எஸ். இருந்தால் உடனே ட்ரிப் ஆகும். 5 கிலோ சிலிண்டர் வசதிதான், ஆனால் கேஸ் காற்றைவிட எடை கூடியது, தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை கட்டாயம்.

அடுத்தது எடை. எட்டுக்கு நாலு ப்ளைவுட் 19 மி.மீ. என்றால் சுமார் 38 கிலோ, 12 மி.மீ. 24 கிலோ. ஆறு பலகையில் ஒரு பெரிய ஆளின் எடைக்கு மேல் மிச்சமாகிறது. கட்டிலுக்கு 12, கதவுகளுக்கு 6 மி.மீ. போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் ஏறும்போதைவிட இறங்கும்போது நன்றாகத் தெரியும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். வேலை முடிந்ததும் எடை மேடையில் முன் சக்கரம், பின் சக்கரம் என்று தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். ஜவ்வாது மலைச் சாலையில் தாழ்ந்த கிளைகள் உண்டு. பேனலோடு மொத்த உயரத்தை எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டி வைப்பது நல்லது.

இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பம்பிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும். லிட்டருக்கு 10 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

பட்டறைக்குப் போகும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மாற்றம் ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்.

கூரைத் துளைகளின் வெட்டு விளிம்பில் முதலில் ப்ரைமர் அடித்து, பிறகு பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடவும். புரட்டாசியில் ஒரு நாள், ஐப்பசி மழை பிடிக்கும் முன், ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள்.