எக்ஸ்பி100 போடலாமா, சாதா பெட்ரோலே போதுமா?

சாதாரண மாருதி, ஹூண்டாய் வைத்திருப்பவர்கள் இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலான எக்ஸ்பி100 பக்கமே போக வேண்டாம், இதுதான் என் தீர்ப்பு. ஆக்டேன் கூடினால் பவரும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அழுத்தத்தில் பெட்ரோல் முந்திக்கொண்டு தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது, அவ்வளவுதான். 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த இன்ஜினில் 100 ஊற்றினால் பர்ஸ்தான் இளைக்கும், விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! இன்ஜினுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் டர்போ கார், ஹை கம்ப்ரஷன் பைக் என்றால் கதை வேறு. மேனுவலில் 95 என்று இருந்தால் 95 போடுங்கள்.

எக்ஸ்பி100-ன் உண்மையான கவர்ச்சி, அதில் எத்தனால் (கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கிடையாது என்பதுதான். இப்போது பங்கில் கிடைக்கும் சாதா பெட்ரோல் இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால். வேடிக்கை என்னவென்றால் எத்தனாலின் ஆக்டேன் 100க்கும் மேல், ஆனால் அதே லிட்டரில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், இ20 என்று இருந்தால் கவலையே இல்லை. பழைய கார் என்றால் எத்தனால் ரப்பரைப் பாழாக்கலாம், அதனால் சர்வீஸுக்கு விடும்போது ஃப்யூயல் ஹோஸ், ரப்பர் சீல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற பழைய வண்டிக்கு மட்டும் எக்ஸ்பி100 போடுவதில் நியாயம் இருக்கிறது.