கண்ணசைவு பார்க்க இந்தப் பேனா டோர்ச் சரிவருமா?

திருகோணமலை நகரத்து பார்மசிகளில் விற்கும், சட்டைப்பையில் கொழுவுகிற சாதாரண பேனா டோர்ச் இது. இரண்டு டிரிபிள் ஏ பற்றரி, அழுத்திப் பிடித்தால் எரியும் பொத்தான், பக்கவாட்டில் கண்மணி அளக்க மில்லிமீற்றர் வட்டங்கள். கண்மணி சுருங்குவதைப் பார்க்க அருமையான சாமான். கண் தசைகளைச் சோதிக்க அதை எரியவிட்டுப் பிடித்தால் பிழைதான் வரும்.

வெள்ளை வெளிச்சம் கூசும், நோயாளி இமையை இடுக்குவார். இமை தொங்குகிறதா, கூச்சத்தில் மூடுகிறதா என்று பிரித்தறிய முடியாது. பாவிக்கப் பாவிக்கத் தசை சோரும் தசைக்களைப்பு நோய்க்காக ஒரு நிமிடம் மேலே பார்க்க வைக்கும் சோதனையை இது முற்றாகக் கெடுத்துவிடும். வெளிச்சப் புள்ளியைப் பார்க்கக் கண் கூர்மைப்படுத்தத் தேவையுமில்லை. அதனால் கிட்டக் கூர்ந்து பார்க்கையில் மட்டும் உள்ளே திரும்பும் பிள்ளைகளின் மாறுகண் தப்பிவிடும்.

ஆகவே டோர்ச்சை அணையுங்கள். கிளிப்பில் சிறிய எழுத்தொன்றை ஒட்டுங்கள், பிள்ளை என்றால் குட்டிப் படம். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மற்றக் கையால் நாடியை (மோவாயை) மெல்லப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தலைதான் திரும்பும். அதைக் கண்ணால் மட்டும் தொடரச் சொல்லி நகர்த்துங்கள்: வலம், அங்கிருந்து மேல், கீழ். பிறகு இடம், மேல், கீழ். மெதுவாக. கீழே பார்க்கும்போது மேலிமையை விரலால் உயர்த்தாவிட்டால் ஒன்றும் தெரியாது. மிக ஓரத்துக்குக் கொண்டுபோனால் நல்ல கண்ணும் சற்றுத் துடிக்கும், அதை நோயென்று எழுத வேண்டாம்.

ஒவ்வொரு திசையிலும் "இரண்டாத் தெரியுதோ?" என்று கேளுங்கள். ஒரு கண்ணை மூடியும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு தசையில் இல்லை. வெளிப்பக்கம் போகாத கண், மூளையிலிருந்து கண் தசைக்கு வரும் ஆறாம் நரம்பின் பழுதைக் காட்டும். படி இறங்கும்போது மேலும் கீழுமாக இரண்டு தெரிந்தால் நான்காம் நரம்பு. இமை விழுந்து கண்மணியும் விரிந்திருந்தால் மூன்றாம் நரம்பு. அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும், மூளை இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்.

டோர்ச்சின் பெரிய குறை உள்ளே பற்றரி தொடும் உலோக முனை. கடற்காற்றில் பச்சை பூத்து, தேவையான நேரத்தில் எரியாது. மூதூர், கந்தளாய்ப் பக்கம் எட்டடி விரியன் (கட்டுவிரியன்) பாம்பு இரவில் தீண்டி வருபவருக்குக் கடிவாய் வீங்காமலே இருக்கலாம். இமை தொங்குவதே முதற்குறியாக வரலாம். அந்த நேரத்தில் கண்மணி பார்க்க டோர்ச் எரிய வேண்டுமென்றால் மாதமொருமுறை முனையைத் துடையுங்கள், பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.