சிங்கப்பூர் குரூஸ் பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு: புக்கிங் எண் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள்

சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். நான்கு இரவுக் கப்பல் பயணம். இந்த மாதிரி பேக்கேஜுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டப் போகிறவர்கள் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றாலும் படியுங்கள், கிளம்புவதற்குள் சில விஷயங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கும்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கும் என் மனைவிக்கும் கப்பல் பயணம் ஒரு பழக்கமாகிவிட்டது. வழக்கமாக நானே கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக புக் செய்துவிடுவேன். 2024 டிசம்பரில் எங்கள் குடியிருப்பில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து போகலாம் என்று பேச்சு வந்தது. கூட்டமாகப் போனால் விலை குறையும், விசா வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு ஏஜென்டைப் பிடித்தார்கள். அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ நான் சொல்லப் போவதில்லை. எங்கள் குடியிருப்பில் சிலர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள், அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கு 1,10,000 ரூபாய், வரி தனி. விமானம், விசா, சிங்கப்பூரில் ஹோட்டல், கப்பலில் பால்கனி கேபின், டிப்ஸ், துறைமுகக் கட்டணம், பினாங்கிலும் புக்கெட்டிலும் சுற்றுலா, எல்லாம் சேர்த்து. வாட்ஸ்அப்பில் அழகான ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் 'பால்கனி' என்ற வார்த்தை பளிச்சென்று இருந்தது. அந்த பிடிஎஃப் பின்னால் ரொம்ப உதவியது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் புக்கிங் எண். எந்தக் கப்பல் நிறுவனமாக இருந்தாலும் பணம் அவர்கள் கைக்குப் போனதும் ஒரு முன்பதிவு எண் தருவார்கள். அந்த எண்ணும் உங்கள் பெயரும் இருந்தால் நிறுவனத்தின் ஆப்பில் நீங்களே நுழைந்து பார்க்கலாம். எந்த வகை கேபின், எண் ஒதுக்கியாகிவிட்டதா, எவ்வளவு கட்டியிருக்கிறது, டிப்ஸ் முன்கூட்டியே கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் சொல்வதை நம்பவேண்டிய அவசியமே இல்லை. நான் அட்வான்ஸ் கட்டிய வாரத்திலிருந்து அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "குரூப் புக்கிங் சார், கடைசி வாரம்தான் நம்பர் வரும்" என்றார். அடுத்த முறை, "எங்க சிஸ்டத்துல இருக்கு சார், உங்களுக்குத் தெரியாதா, எத்தனை கப்பல் பாத்தவர் நீங்க" என்று ஐஸ் வைத்தார். குரூப் புக்கிங்கிலும் ஒவ்வொரு கேபினுக்கும் தனி எண் உண்டு. கடைசி நேரம் வரை தராமல் இழுப்பவர், ஒன்று இன்னும் கப்பலுக்குப் பணம் கட்டவில்லை, அல்லது கட்டியதை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எண் வந்தது. ஆப்பைத் திறந்தால் 'உள் கேபின்', எண் இருக்கவேண்டிய இடத்தில் 'ஜிடிஒய்' என்று மூன்று எழுத்து. கேரன்டி கேபின் என்பதன் சுருக்கம் அது. எந்த அறை என்பதைக் கப்பல்காரர்கள் தங்கள் வசதிப்படி கடைசியில் ஒதுக்குவார்கள், அதனால் விலை குறைவு. இதில் தப்பே இல்லை. நானே பல தடவை உள் கேபினை கேரன்டியில் எடுத்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறையில் நல்ல இருட்டு, தூக்கம் அருமையாக வரும், பகலில் அறையில் யார் இருக்கப் போகிறார்கள்? ஆனால் அது ஜன்னல்கூட இல்லாத அறையின் விலை. நாங்கள் கொடுத்தது பால்கனி விலை. அதே தேதிக்கு நான் பார்த்து வைத்திருந்த விலைகளில் இரண்டுக்கும் ஆளுக்கு 18,000 ரூபாய்க்குக் குறையாத வித்தியாசம்.

இன்னொரு தந்திரம்: முன்பதிவில் எங்கள் எல்லோருக்கும் ஏஜென்ட் தன் இமெயிலையே கொடுத்திருந்தார். கப்பல் நிறுவனம் அனுப்பும் உறுதிக் கடிதம், ரசீது, அறிவிப்பு எதுவும் எங்களுக்கு வரவில்லை. நீங்கள் எண் வாங்கியதும் முதல் வேலையாக அதில் யாருடைய இமெயில், யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள்.

சிங்கப்பூர் மெரினா பே குரூஸ் சென்டரில் செக்-இன் கவுன்டரில் கேட்டோம், கப்பலுக்குள் கெஸ்ட் சர்வீஸ் மேசையிலும் கேட்டோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயரில் உள் கேபினுக்குத்தான் பணம் வந்திருக்கிறது, ஏஜென்ட் எங்களிடம் எவ்வளவு வாங்கினார் என்பது தங்களுக்குத் தெரியாது, கப்பலில் காலி பால்கனி இல்லை. நியாயமான பதில்தான். கப்பலில் போய்ச் சண்டை போட்டால் எதுவும் நடக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

டிப்ஸ் கதையும் அங்கேயே வெளிச்சத்துக்கு வந்தது. பெரிய கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கிரேச்சுட்டி என்று அறைக் கணக்கில் தானாக ஏறும். எங்கள் கப்பலில் 18 டாலர் வீதம் ஏறியது. இரண்டு பேருக்கு நான்கு இரவுக்கு 144 டாலர், அன்றைய மதிப்பில் 12,000 ரூபாய்க்கு மேல். 'எல்லாம் சேர்த்து' என்று ஏஜென்ட் வாங்கிய காசு கப்பலுக்கு வந்து சேரவே இல்லை. எங்கள் குழுவில் சிலர், கெஸ்ட் சர்வீஸில் சொன்னால் கிரேச்சுட்டியை எடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றார்கள். சில கப்பல்களில் எடுப்பார்கள்தான். ஆனால் அந்தக் காசு போய்ச் சேர்வது அறை துடைக்கிறவருக்கும் சாப்பாடு பரிமாறுகிறவருக்கும். சென்னையில் ஒருவன் திருடியதற்கு அவர்கள் வயிற்றில் அடிக்கவேண்டாம் என்பது என் கட்சி. நான் கட்டினேன், ரசீதை வாங்கி வைத்துக்கொண்டேன். அறைக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். செலவுக்கு முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபட்டு உங்கள் கணக்குக்குத் திரும்ப நாளாகும்.

சின்னத் திருட்டு ஒன்றும் உண்டு. பில்லில் 'அரைவல் கார்டு கட்டணம்' என்று ஆளுக்கு 1,500. சிங்கப்பூர் அரைவல் கார்டு என்பது நாட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம், அது இலவசம். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசுத் தளத்தில் ஐந்து நிமிடத்தில் நீங்களே நிரப்பலாம். மலேசியாவின் டிஜிட்டல் கார்டும் இலவசம். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்தும் இதே மாதிரி கொண்டு வந்திருக்கிறது, அதுவும் இலவசம். கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வந்து நின்று கார்டு எண் கேட்கும், அங்கே போய்விடாதீர்கள். சிங்கப்பூர் விசாவுக்கு ஏஜென்ட் கட்டணம் வாங்குவது வேறு விஷயம், அது நியாயமானது.

பினாங்கில் நஷ்டம் பெரிதில்லை, எரிச்சல்தான். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கிறது. இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். அதற்கு எங்களை பஸ்ஸில் ஏற்றி, முக்கால்வாசி நேரம் கடைகளில் இறக்கிவிட்டு 'சிட்டி டூர்' என்றார்கள். நானும் மனைவியும் பாதியில் கழன்றுகொண்டு நாசி கண்டார் சாப்பிடப் போய்விட்டோம்.

புக்கெட்டில் நடந்ததுதான் உண்மையிலேயே பயமுறுத்தியது. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்குச் சின்னப் படகில்தான் போகவேண்டும், டெண்டர் என்பார்கள். திரும்பும் கடைசி டெண்டர் மாலை 5 மணி என்று கப்பலில் அறிவித்தார்கள். அது கப்பல் நேரம், அதாவது சிங்கப்பூர் நேரம். தாய்லாந்து நேரம் அதற்கு ஒரு மணி பின்னால். கரையில் கால் வைத்ததும் செல்போன் தாய்லாந்து சிக்னலைப் பிடித்துத் தானாகக் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறது. கப்பலில் 5 அடிக்கும்போது உங்கள் போன் 4 என்று காட்டும்.

ஏஜென்ட் ஏற்பாடு செய்த வேன் டிரைவருக்கு '5 மணிக்குள் கொண்டுவந்து விடு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊர் 5 மணி என்று சொல்லவில்லை. வாட் சலோங் கோயிலில் அரை மணி. அப்புறம் ரத்தினக் கடை, முந்திரிக் கடை, தேன் கடை, லெதர் கடை என்று வரிசையாக. ஒவ்வொரு கடையிலும் வண்டி நிற்பதற்கு டிரைவருக்குக் கமிஷன், அதனால் சீக்கிரம் கிளப்ப அவருக்கு மனசே வராது. நான் கப்பலில் ஏறியதுமே கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து அதைத் தொடாமல் விடுகிறவன். கடிகாரத்தில் மூன்றரை ஆனதும் கிளம்பலாம் என்றேன். டிரைவர் சிரித்துக்கொண்டே தன் போனைக் காட்டினார், இரண்டரை. நம் ஆட்களும் போனைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இன்னும் நேரம் இருக்கு, ஏன் டென்ஷன் ஆகறீங்க" என்றார்கள். கத்தித்தான் வண்டியைக் கிளப்பவேண்டியிருந்தது. பாத்தோங் போகும் மலைப்பாதையில் டிராஃபிக். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கடைசி டெண்டர் கயிறு அவிழ்க்கத் தயாராக இருந்தது. எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளி ஏஜென்டின் வேனில் போனால் காத்திருக்காது. கிளம்பிவிடும். அப்புறம் உங்கள் செலவில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ போய்ச் சேரவேண்டும், மாத்திரை எல்லாம் கேபினில் இருக்கும். வெளி வண்டி மலிவு என்பது உண்மைதான், நானும் எடுப்பேன். ஆனால் கடைசி டெண்டருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கரையில் இருக்கிற மாதிரி டிரைவரிடம் அந்த ஊர் நேரத்தில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் ஏறுவேன். அன்று மருந்தைக் கையோடு எடுத்துப் போவேன், பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கும்.

நடுக்கடலில் போனை ஃப்ளைட் மோடில் வைக்க மறக்காதீர்கள். கப்பலின் சாட்டிலைட் சிக்னலை போன் பிடித்தால் சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. எங்கள் குழுவில் ஒருவருக்கு வந்த பில் கேபின் விலையோடு போட்டி போட்டது. எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி கொண்டு போனால் ஸ்கேனில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். சாதம் அங்கேயே கிடைக்கிறது, இந்திய சைவச் சாப்பாடும் உண்டு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஊர் திரும்பியதும் பணத்துக்கு அலைந்த கதை. நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்று ஏஜென்ட் சொன்னதால் மற்றவர்கள் பெரும்பாலும் யுபிஐ-யிலும் வங்கி மாற்றலிலும் அனுப்பினார்கள், அதுவும் ஒரு தனிநபரின் சேவிங்ஸ் கணக்குக்கு. நான் வங்கியில் தகராறு மனு கொடுத்தேன். பால்கனி என்று எழுதிய அந்த பிடிஎஃப், உள் கேபின் என்று காட்டும் கப்பல் ரசீது, கிரேச்சுட்டி ரசீது, மூன்றையும் இணைத்தேன். இதற்கெல்லாம் கெடு உண்டு, ஊர் வந்த வாரமே கொடுத்துவிடவேண்டும். வங்கி கேள்வி கேட்க ஆரம்பித்ததும் ஏஜென்ட் இறங்கிவந்து கேபின் வித்தியாசத்தையும் கிரேச்சுட்டியையும் திருப்பிக் கொடுத்தார்.

வரியில்தான் அவர் வசமாக மாட்டினார். பில்லில் 'வரிகள்' என்று மொத்தமாக எங்கள் இருவருக்கும் 22,000 ரூபாய் போட்டிருந்தார். பிரித்துக் கேட்டபோது பாதி ஜிஎஸ்டி, பாதி டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) என்றார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது 7 லட்சம் வரை 5 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கவேண்டும். அது நம் பான் எண்ணில் அரசுக்குப் போய்ச் சேரும், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் யாரிடமும் பான் எண் கேட்கவே இல்லை. நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். மாதங்கள் கழித்துப் பார்த்தேன், 26ஏஎஸ்-ஸில் ஒரு பைசா ஏறவில்லை. 'வருமான வரித் துறைக்கு எழுதட்டுமா' என்று ஒரு மெயில் போட்டேன். அடுத்த நாளே அந்தப் பதினோராயிரம் வந்தது. டூர் பேக்கேஜ் விற்பவர் பான் எண் கேட்கவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

யுபிஐ-யிலும் வங்கி மாற்றலிலும் பணம் அனுப்பியவர்களுக்கு வங்கி கைவிரித்துவிட்டது. அவர்களில் சிலர் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தார்கள். ஏஜென்ட் பதில் போடாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறார்கள். 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 'பால்கனி என்பது இருப்பைப் பொறுத்தது' என்று இப்போது பதில் மனு வந்திருக்கிறது. பிடிஎஃப்-ஐ மறுபடி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டோம், அப்படி ஒரு வரி அதில் எங்கேயும் இல்லை.

இதே மாதிரி பேக்கேஜில் போய்விட்டு வந்து 'போகட்டும் விடு' என்று இருப்பவர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினால் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்ட தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம்.